எம்.ஏ. சேரும் முன் துறையின் சாதனைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் கடலூரில் பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்திருக்கிறாள். புதுச்சேரியில் பன்னாட்டு ஆய்வுகள் துறையில் எம்.ஏ. இடம் கிடைக்கும் போலிருக்கிறது. துறையின் கையேட்டில் இரண்டு பக்கம் முழுக்கச் சாதனைகள்: இத்தனை பேர் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), இத்தனை பேர் ஜேஆர்எஃப் (பிஎச்.டி. ஆய்வுக்கான மாத உதவித்தொகை), ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் தரவுத்தளம்) கட்டுரைகள், உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் ஒரு பேராசிரியர், புத்தகங்கள், வெளிநாட்டு மாநாடுகள், சிறந்த கட்டுரை விருது. "இதில் எது கனமானது, எது பக்கத்தை நிரப்பப் போட்டது?" என்பது அவருடைய கேள்வி. ஐயா, நீங்கள் கேட்டிருப்பது சாதனைகளைப் பற்றித்தான். ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி, அந்த இரண்டு பக்கத்தில் உங்கள் மகளுக்கு எது வந்து சேரும் என்பது. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. பேராசிரியருக்குப் பெரிய பெருமை தரும் ஒன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு எந்தப் பயனும் இல்லாமல் போகலாம். பட்டியலில் ஒரு வரிகூடப் பெறாத ஒன்று அவளுக்கு வழி திறந்துவிடலாம்.

ஆய்வேடுகளையும் விண்ணப்பங்களையும் மதிப்பிட்டுப் பழகியவர்கள் எந்த வரியைப் பார்த்தாலும் முதலில் இரண்டைத்தான் பார்ப்பார்கள். தீர்மானித்தவர் துறைக்கு வெளியே இருப்பவரா? பணம் எந்தப் பக்கம் போனது? ஜேஆர்எஃப், ஆய்வுத் திட்ட நிதி, வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகை என்றால் பணம் வெளியிலிருந்து துறைக்குள் வருகிறது. பதிவுக் கட்டணம், பிரசுரக் கட்டணம், விருதுக்கான "நடைமுறைச் செலவு" என்றால் பணம் ஆசிரியரின் பையிலிருந்து வெளியே போகிறது. பட்டியலில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கேள்வியிலேயே பிரித்துவிடலாம்.

நெட்டிலிருந்து தொடங்குவோம், அதுதான் பட்டியலில் மிக உறுதியான பகுதி. தேசியத் தேர்வு முகமை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடத்துகிறது. முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண், எல்லாருக்கும் பொது. இரண்டாம் தாள் பாடத் தாள், 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 35 சதவீதம் எடுத்தால் அது வாசல்படிதான். இரண்டு தாளையும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைக்கும். ஜேஆர்எஃப் அதற்குள்ளும் சிறு பகுதி. துறை நினைத்தாலும் இதில் கை வைக்க முடியாது. அதனால் இந்த வரிக்கு மதிப்பு உண்டு.

ஆனால் 2024 ஜூன் சுற்றிலிருந்து "நெட் தேர்ச்சி" என்ற சொல்லுக்கு மூன்று பொருள் வந்துவிட்டது. ஜேஆர்எஃப்போடு உதவிப் பேராசிரியர் தகுதி ஒன்று. உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கைத் தகுதி இன்னொன்று. பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை வைத்துக் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, பிஎச்.டி. சேர்க்கைக்கும் அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். கையேட்டில் மூன்றையும் ஒரே கூட்டலில் போட்டிருந்தால் பிரித்துக் கேளுங்கள். எண்ணிக்கை எப்படிப் பெருக்கும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஐந்து ஆண்டில் "நெட் 24" என்று இருக்கிறது. அதில் நான்கு பேர் முதலில் உதவிப் பேராசிரியர் தகுதி பெற்று, அடுத்த சுற்றில் ஜேஆர்எஃப் வாங்கியதால் இரண்டு தடவை எண்ணப்பட்டவர்கள். எட்டுப் பேர் எம்.ஏ. வேறெங்கோ முடித்துவிட்டு இங்கே பிஎச்.டி.க்கு வந்தவர்கள். மீதி 12 பேர்தான் இந்தத் துறையின் எம்.ஏ. பிள்ளைகள். ஆண்டுக்கு 40 பேர் சேருகிறார்கள் என்றால் 200 பேரில் 12. அது கெட்ட எண் இல்லை, ஆனால் 24 தரும் எண்ணமும் இது தரும் எண்ணமும் வேறு. எனவே கேட்க வேண்டியது மொத்தத்தை விட்டுவிட்டு, பேட்ச் வாரியாக: சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, முடித்த இரண்டு ஆண்டுக்குள் எந்த வகை நெட்டில் எத்தனை பேர்.

இன்னொரு நுணுக்கம் இந்தப் பாடத்துக்கே உரியது, பலர் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். நெட்டில் அரசியல் அறிவியல் தனிப் பாடம், குறியீடு 02. பன்னாட்டு ஆய்வுகளும் வட்டார ஆய்வுகளும் சேர்ந்தது வேறு பாடம், குறியீடு 90. அரசியல் அறிவியல் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். அதில் பன்னாட்டு உறவுகள் ஒன்று, இந்திய வெளியுறவுக் கொள்கை ஒன்று. மீதி எட்டும் அரசியல் கோட்பாடு, மேலைச் சிந்தனை, இந்தியச் சிந்தனை, ஒப்பீட்டு அரசியல், இந்திய நிறுவனங்கள், அரசியல் போக்குகள், பொது நிர்வாகம், ஆளுகை என்று போகும். எம்.ஏ.வில் முழுக்கப் பன்னாட்டுப் பாடங்கள் படித்தவர் 02 எழுதினால் அந்த எட்டைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். 90 எழுதினால் படித்தது பொருந்தும். ஆனால் கல்லூரிப் பணி அறிவிப்பில் "அரசியல் அறிவியலில் நெட்" என்று மட்டும் இருந்தால், தன் பாடம் பொருந்தும் என்று விளக்க வேண்டிய நிலை வரலாம். நம் ஊர்க் கல்லூரிகளில் துறையின் பெயர் பெரும்பாலும் அரசியல் அறிவியல்தான் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் மகளின் பி.ஏ. அரசியல் அறிவியல் என்பதால் அந்த எட்டு அலகில் பலவற்றை ஏற்கெனவே தொட்டிருப்பாள். பழைய நோட்டுகளைப் பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.

ஜேஆர்எஃப்பின் எடை பணத்தில் தெரியும். 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, அதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாமல் முழுநேரப் பிஎச்.டி. செய்பவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி மாதம் 8,000. "முழுநேர ஆய்வாளர்கள் 30 பேர்" என்று பட்டியலில் இருந்தால், அதில் எத்தனை பேர் 37,000 வாங்குகிறார்கள் என்பதுதான் சாதனைக் கணக்கு. ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதி ஆயுளுக்கும் செல்லும். ஜேஆர்எஃப் கடிதம் மூன்று ஆண்டுக்குள் எங்காவது சேர்ந்தால்தான் செல்லும். குடிமைப் பணித் தேர்வில் வென்றவர்களின் படம் இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் அதைத் துறையின் கணக்கில் அதிகம் சேர்க்காதீர்கள். அரசியல் அறிவியல், பன்னாட்டு உறவுகள் விருப்பப் பாடத்தின் இரண்டாம் தாள், 250 மதிப்பெண், எம்.ஏ. படிப்போடு நன்றாக ஒட்டும். மீதி எல்லாம் அந்தப் பிள்ளையின் உழைப்பு.

இப்போது கட்டுரைகள். இங்கேதான் அதிகக் கலப்படம். பட்டியலில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: இந்தியப் பெருங்கடல் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை, "இன்டர்நேஷனல் ஜர்னல்" என்று தொடங்கும் ஏதோ ஓர் இதழ், தொகுதி 9, இதழ் 3, ஐஎஸ்எஸ்என் எண், இம்பாக்ட் ஃபாக்டர் 7.2. ஒவ்வொன்றாக எடுங்கள். ஐஎஸ்எஸ்என் எட்டு இலக்க அடையாள எண், வண்டிக்குப் பதிவு எண் மாதிரி. வண்டி ஓடுமா என்பதை அது சொல்லாது. புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன்னும் அப்படியே. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் இம்பாக்ட் ஃபாக்டர் என்ற அளவை முறையாக வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம், ஆண்டுக்கு ஒருமுறை. பன்னாட்டு உறவுகளில் உலகளவில் பெயர் பெற்ற இதழ்களிலேயே 7-ஐத் தாண்டுவது அபூர்வம். மாதம் ஒன்று வந்து, அதே இதழில் செவிலியர் படிப்பும் சிவில் இன்ஜினியரிங்கும் தமிழ் இலக்கியமும் சேர்ந்து கிடந்தால், அந்த 7.2 இதழே தனக்குப் போட்டுக்கொண்ட எண். ஸ்கோபஸ் என்று போட்டிருந்தால் அதன் இதழ்ப் பட்டியலைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஐஎஸ்எஸ்என்னைத் தட்டுங்கள், இதழ் வந்தால் மட்டும் போதாது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பதையும் பாருங்கள். 2021-இல் நீக்கப்பட்ட இதழில் 2023-இல் வந்த கட்டுரையை ஸ்கோபஸ் கட்டுரை என்று போடும் வழக்கம் இருக்கிறது. தரமான இதழில் கட்டுரை அனுப்பி, மதிப்பீடு வந்து, திருத்தி, அச்சாக ஆறு மாதம் முதல் ஓராண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் 15 கட்டுரை என்றால் அந்த 15-ம் எங்கே வந்தன என்று பார்க்காமல் வியக்க வேண்டாம்.

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்றுக்கொண்ட இதழ்களின் "கேர் பட்டியல்" என்ற சொல்லும் அடிபடும். 2019-இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலை மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டதாக அறிவித்தது. 2022 கட்டுரைக்குக் "கேர் பட்டியல்" என்று இருந்தால் அப்போது அது ஒரு வடிகட்டி, ஏற்றுக்கொள்ளலாம். இப்போது "யுஜிசி அங்கீகாரம் பெற்ற இதழ்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அப்படி ஒன்று கிடையாது. இந்தத் துறையில் ஓர் ஆசிரியர் உண்மையாக உழைத்திருக்கிறார் என்பதைக் காட்டும் இந்திய இதழ்கள் சிலவே: ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த "இன்டர்நேஷனல் ஸ்டடீஸ்", உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சிலின் "இந்தியா குவார்ட்டர்லி", மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் "ஸ்ட்ராடஜிக் அனாலிசிஸ்", மும்பையின் "எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி". இவற்றில் ஐந்து ஆண்டில் இரண்டு கட்டுரை வந்திருந்தால் அது பெயர் தெரியாத இதழ்களில் வந்த இருபதை விடப் பெரிது. இது என் தனிக் கருத்து மட்டும் இல்லை, தேர்வுக் குழுக்களில் உட்காருபவர்கள் பலரும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

முதல் 2 சதவீதப் பட்டியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அது விருது மாதிரி வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் தலைமையிலான குழு ஸ்கோபஸ் தரவை வைத்து ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுவது அது. யாரும் விண்ணப்பிப்பதில்லை, யாரும் விருது கொடுப்பதில்லை. 22 துறை, 174 உட்துறை என்று பிரித்து மேற்கோள்களைக் கணக்கிடுகிறார்கள். வாழ்நாள் முழுதுக்குமான அட்டவணை ஒன்று, ஓர் ஆண்டுக்கு மட்டுமான அட்டவணை இன்னொன்று. எந்த அட்டவணை என்று கேளுங்கள், வாழ்நாள் அட்டவணைக்கு எடை அதிகம். ஆனால் பெயர் இல்லாதவரைக் குறைத்து எண்ண வேண்டாம். சமூக அறிவியலில் நல்ல வேலை பலதும் புத்தகமாக வருகிறது, தமிழிலும் பிரெஞ்சிலும் வருகிறது, அதில் பெரும்பகுதியை ஸ்கோபஸ் எண்ணுவதே இல்லை.

மாநாடு, சிறந்த கட்டுரை விருது, மாதிரி ஐ.நா. சபைப் பரிசு எல்லாம் விரைவாகக் கடந்துவிடலாம். மாதிரி ஐ.நா. பேச்சுக்கும் தைரியத்துக்கும் நல்ல பயிற்சி. வெளிநாட்டு மாநாடு என்றால் பயணச் செலவை ஐசிஎஸ்எஸ்ஆர் (சமூக அறிவியல் ஆய்வுக்கான இந்தியக் கவுன்சில்) போன்ற அமைப்போ மாநாடு நடத்தியவர்களோ கொடுத்திருந்தால் அதற்கு மதிப்பு. கட்டணம் கட்டி இணைய வழியில் பத்து நிமிடம் பேசியதும் "வெளிநாட்டு மாநாடு" என்றே அச்சாகும்.

ஆசிரியர் சாதனையில் மாணவிக்கு நேராக வந்து சேருவது இரண்டு. ஒன்று, ஐசிஎஸ்எஸ்ஆர் போன்ற அமைப்பின் நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டம். அதில் ஆய்வு உதவியாளர் பணி இருக்கும், எம்.ஏ. முடித்த கையோடு களப்பணி, தரவுத் தொகுப்பு, அறிக்கை எழுதுவது எல்லாம் சம்பளத்தோடு கற்கலாம். திட்டம் எப்போது முடிகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு, பிஎச்.டி. வழிகாட்டும் இடம். 2022 விதிகளின்படி ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு வயது 65. பட்டியலில் மிகப் பிரகாசமாக இருக்கும் பேராசிரியருக்கு இப்போது 61 என்றால், உங்கள் மகள் எம்.ஏ. முடிக்கும்போது அவருக்கு 63. அவரை நம்பி அங்கே பிஎச்.டி. கனவு காண முடியாது. வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகை பெற்ற ஆசிரியர் என்றால் பெருமைதான், ஆனால் அவர் போயிருக்கும் மாதங்களில் அந்தப் பாடத்தை யார் எடுக்கிறார் என்றும் விசாரித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், கையேட்டை மூடிவைத்துவிட்டு ஒரு மாலை சோத்கங்கா என்ற இணையதளத்தில் உட்காருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே திறந்தே கிடக்கின்றன, காசு வேண்டாம். பல்கலைக்கழகம், துறை என்று போனால் ஆய்வேடுகள் வரிசையாக வரும், கைடு பெயரும் முடித்த ஆண்டும் இருக்கும். கடைசி ஐந்து ஆண்டில் வந்ததில் இரண்டை எடுங்கள். முதலில் துணைநூல் பட்டியலைத் திறக்க மகளிடம் சொல்லுங்கள். அதில் ஒப்பந்த நகல்கள், நாடாளுமன்ற விவாதங்கள், ஆவணக்காப்பகக் கோப்புகள், நேர்காணல்கள் என்று முதன்மைச் சான்றுகள் தனியாக இருக்கிறதா, இல்லை எல்லாமே மற்றவர் எழுதிய புத்தகமும் செய்தித்தாள் கட்டுரையுமா? பிறகு முடிவுரை அத்தியாயம். "இந்தியா தன் உறவை வலுப்படுத்த வேண்டும்" என்ற வகை வாக்கியங்களோடு முடிகிறதா, ஆய்வாளர் தானே கண்டுபிடித்த ஏதாவது ஒன்று இருக்கிறதா? பி.ஏ. முடித்த பெண்ணுக்கே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். கைடு எவ்வளவு கவனமாகப் படித்துத் திருத்தியிருக்கிறார் என்பதும் அந்தப் பக்கங்களில் தெரியும்.

தலைப்புகளையும் கவனியுங்கள். புதுச்சேரியில் இருந்துகொண்டு பன்னாட்டு ஆய்வு செய்வதற்கு டெல்லியில் கிடைக்காத வசதிகள் இருக்கின்றன. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி நிறைவேறியது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளின் சட்ட நிலையும், அதிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களும் இன்றும் ஆய்வுக்கு உரியவை. தேசிய ஆவணக்காப்பகத்தின் பதிவு மையம் ஊரிலேயே இருக்கிறது, 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, பிரெஞ்சு கற்க இடம் இருக்கிறது. தெற்கே உங்கள் மாவட்டத்தில் தேவனாம்பட்டினம் முதல் மீனவர் கிராமங்கள், 1974, 1976 இந்திய – இலங்கை ஒப்பந்தங்கள் இழுத்த கடல் எல்லை, இலங்கைத் தமிழர் முகாம்கள், 2004 சுனாமிக்குப் பின் வந்த வெளிநாட்டு உதவி. இவற்றிலிருந்து எம்.ஏ. டிசர்ட்டேஷன்கள் (ஆய்வேடுகள்) வந்துகொண்டிருக்கும் துறை மாணவர்களைக் களத்துக்கு அனுப்புகிறது என்று பொருள். எல்லாத் தலைப்பும் "இந்தியா – சீனா உறவுகள்: ஒரு பார்வை" வகையாக இருந்தால் நூலகத்தை விட்டு யாரும் வெளியே போகவில்லை.

இவ்வளவு பார்த்தாலும் ஒன்று பிடிபடாது: வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்பது எந்தப் பட்டியலிலும் வராது. அதற்கு இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் நேரில் பேசுவதே வழி. "சார் நல்லா எடுப்பாரா" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். போன செமஸ்டரில் எத்தனை கட்டுரை எழுதிக் கொடுத்தீர்கள், திருத்திக் குறிப்போடு திரும்ப வந்ததா, டிசர்ட்டேஷனுக்குக் கைடு எத்தனை தடவை உட்கார்ந்தார் என்று கேளுங்கள். நூலகம் எத்தனை மணி வரை என்றும் கேளுங்கள். வளாகம் காலாப்பட்டுப் பக்கம் என்றால் நெல்லிக்குப்பத்திலிருந்து தினம் போய் வருவது இரண்டு மூன்று பஸ் மாற வேண்டிய பாடு, நூலகத்தின் மாலை நேரம் முழுக்கப் பஸ்ஸில் போய்விடும். விடுதி கிடைக்குமா என்பதைச் சாதனைப் பட்டியலுக்குச் சமமான கேள்வியாக வையுங்கள்.

எண்கள் நேரில் கிடைக்காவிட்டால், மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இணையத்திலேயே கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "சாதனைகள் என்ன" என்று கேட்காதீர்கள், கையேட்டையே திருப்பி அனுப்புவார்கள். கடந்த ஐந்து பேட்ச்சில் சேர்ந்தவர், முடித்தவர், காலியாக இருக்கும் பிஎச்.டி. இடங்கள் என்று எண்ணாக வரும் கேள்விகளை மட்டும் கேளுங்கள்.

கடைசியாக, எந்தத் துறையும் கையேட்டில் போடாத ஒன்று. நெட் எழுத எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 50. நம் ஊரில் பிசி, எம்பிசி என்று வைத்திருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. சாதி மத்திய ஓபிசிப் பட்டியலில் இருக்க வேண்டும், மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை. எம்.ஏ. முதல் செமஸ்டர் விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடச் சொல்லுங்கள்.